ஹம்பி: முட்டி வலி உள்ள அம்மாவோடு மூன்று நாள், எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஈரோட்டுப்பயணி எழுதியது:

வணக்கம். டிசம்பர் கடைசியில் ஹம்பி போகிறோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் பையன் (13 வயது), அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் வலி, சமதரையில் மெதுவாக அரை மணி நேரம் நடப்பார், படி என்றால் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும். பெங்களூரிலிருந்து இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்து வெள்ளிக்கிழமை காலை ஹொஸ்பேட்டில் இறங்குகிறோம், ஞாயிறு இரவு திரும்பும் ரயில்.

இந்தப் பயணமே அம்மாவின் ஆசைதான். கால் நன்றாக இருந்த வரைக்கும் பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போனவர், அந்த ராஜகோபுரத்தைக் கட்ட ஆரம்பித்த கிருஷ்ணதேவராயரின் ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போனில் பேசிய ஆட்டோக்காரர் ஒருவர் நாலு மணி நேரத்தில் 14 இடம் காட்டுகிறேன் என்கிறார், கேட்டதுமே பயமாகிவிட்டது. எங்கே தங்குவது, எந்த வரிசையில் பார்ப்பது, அம்மாவால் எதெல்லாம் முடியும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கற்பாறை எழுதியது:

நாலு தடவை போயிருக்கிறேன், அதில் ஒரு தடவை அப்பாவோடு. நாலு மணி நேரம், 14 இடம் என்பதை மறந்துவிடுங்கள். ஹம்பி ஒரு கோயிலோ கோட்டையோ இல்லை, விஜயநகரப் பேரரசின் முழுத் தலைநகரம், 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் பாறைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. ஆற்றங்கரை ஓரமாகக் கோயில்களும் கடைவீதிகளும், தெற்கே கமலாபுரம் பக்கம் அரண்மனைப் பகுதி, இரண்டுக்கும் நடுவில் வாய்க்கால் பாயும் வயல்கள். இந்த அமைப்பு மனதில் பதியாவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி இடிந்த கல்லாகத்தான் தெரியும். அதனால் முதலில் கமலாபுரம் மியூசியத்துக்குப் போங்கள், அங்கே முற்றத்தில் ஹம்பி முழுவதையும் மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள், மலை, ஆறு, கோயில் எல்லாம் அதில் இருக்கும், பையனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

தங்க கமலாபுரம்தான் என் தேர்வு. ஹொஸ்பேட்டில் அறை நிறையக் கிடைக்கும், ஆனால் தினமும் 12, 13 கிலோமீட்டர் போய் வர வேண்டும், மதியம் அம்மாவை அறையில் விட்டு இரண்டு மணி நேரம் படுக்க வைக்க முடியாது. பழைய பதிவுகளில் ஆற்றுக்கு அக்கரையில் விருபாபுர கட்டே என்று எழுதியிருப்பார்கள், அங்கே இருந்த தங்கும் விடுதிகளை 2020-இல் இடித்துவிட்டார்கள், அதை நம்பிப் போகாதீர்கள்.

அம்மாவுக்கு முடிந்தவை: விருபாக்ஷர் கோயில் பெரும்பாலும் சமதரை. கருவறைக்குப் பின்னால் ஒரு இருட்டு அறையில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழும், வெயில் இருக்கும்போது போய்க் கட்டாயம் காட்டுங்கள். செருப்பு வெளியே, கல் தரை நண்பகலில் சுடும், ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நரசிம்மர் சிலையும் படவிலிங்கம் என்ற பெரிய சிவலிங்கமும் சாலை ஓரத்திலேயே இருக்கின்றன. நரசிம்மர் 1528-இல் ஒரே பாறையில் செதுக்கியது, 6.7 மீட்டர் உயரம். உக்கிர நரசிம்மர் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவர் மடியில் லட்சுமி இருந்தாள், அந்தச் சிலை உடைந்து போய்விட்டது, அவள் கை மட்டும் இன்னும் அவர் முதுகில் அணைத்தபடி இருக்கிறது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு ஹம்பி முழுவதிலும் மறக்க முடியாதது அந்தக் கைதான்.

அரண்மனைப் பகுதியில் லோட்டஸ் மகால், யானை லாயம், ஹசார ராமர் கோயில் எல்லாம் நடக்க எளிது. மகாநவமி திப்பா மேடையில் படி செங்குத்து, அம்மா ஏற வேண்டியதில்லை, நல்ல சிற்பங்கள் எல்லாம் கீழ்ச் சுவர்களில்தான் இருக்கின்றன. பக்கத்திலேயே 1980-களில் தோண்டி எடுத்த படிக்கட்டுக் குளம், கல்லில் எந்தக் கல் எந்த வரிசை என்று கொத்தர்கள் போட்ட குறி இன்னும் இருக்கிறது, பையனைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

விட வேண்டியவை: மாதங்க மலை, ஆஞ்சநேய மலை (575 படி). உங்கள் மனைவியோ நீங்களோ பையனோடு விடியலில் மாதங்கம் ஏறிவிட்டு வரலாம்.

---

வடகரை எழுதியது:

உங்கள் அம்மாவின் காரணத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் திருவண்ணாமலையில் பார்த்த அதே ராயரின் கைவண்ணத்தைத்தான் அங்கே பார்க்கப்போகிறார். காஞ்சி ஏகாம்பரநாதர் ராஜகோபுரமும் சிதம்பரம் வடக்குக் கோபுரமும் கிருஷ்ணதேவராயர் திருப்பணிதான். அதற்கும் முன்பே, 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தை நிறுவியவர்களில் ஒருவரான புக்கரின் மகன் குமார கம்பணர் மதுரை வரை படையெடுத்து வந்ததிலிருந்து நம் ஊரும் அந்த ஊரும் பின்னிக்கிடக்கின்றன. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் எல்லாம் இந்தத் தலைநகரத்துக்குக் கீழே இருந்தவர்கள். விட்டலர் கோயில் பக்கத்தில் திருமங்கையாழ்வாருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது, பெரும்பாலானவர்கள் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள்.

இன்னொன்று. ஹம்பி கிருஷ்ணர் கோயில், ராயர் உதயகிரியை வென்று அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலைக்காகக் கட்டியது. இன்றைக்குக் கருவறை காலி. சிலை எங்கே தெரியுமா? சென்னையில், எழும்பூர் அருங்காட்சியகத்தில். முடிந்தால் பயணத்துக்கு முன்னாலோ பின்னாலோ அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், அந்தக் காலிக் கருவறை அப்போதுதான் முழுசாகப் புரியும்.

விட்டலர் கோயில் கல்தேரை 50 ரூபாய் நோட்டில் பார்த்திருப்பீர்கள். தேருக்கு முன்னால் இப்போது யானைகள் நிற்கின்றன, ஆனால் முதலில் இருந்தவை குதிரைகள், யானைக்குப் பின்னால் குதிரையின் கால், வால் மிச்சம் தெரியும். இசைத்தூண்களைத் தட்டக் கூடாது, தட்டித் தட்டியே கெட்டுப்போயிருக்கின்றன, யாராவது தட்டிக் காட்டுகிறேன் என்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

---

வாணி_சேலம் எழுதியது:

நான் போன வருடம் மாமியாரோடு போனேன், அவருக்கும் முட்டிதான். ஆட்டோ ஒரு நாள் முழுக்கப் பேசினோம், பேசும்போது சரி சரி என்றவர் மதியம் ஆனதும் இது தூரம், அது தனிக் காசு என்று ஆரம்பித்து, ஹேமகூட மலைக்கு எங்களை விருபாக்ஷர் கோயில் பக்கமாகவே ஏற வைத்துவிட்டார், பாவம் அந்த வழுக்குப் பாறையில் மாமியார் பாதியில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, கிருஷ்ணர் கோயில் போகும் சாலையில் கடுகு பிள்ளையார் (சாசிவேகாளு கணேசர்) பக்கம் இறங்கினால் ஏற்றமே அதிகம் இல்லை என்று. அம்மாவுக்கு மாலை வெயில் இறங்கும் நேரம் அங்கேதான் பிடிக்கும், கீழே விருபாக்ஷர் கோபுரம் முழுசாகத் தெரியும். ஆட்டோக்காரரிடம் இடம் பெயர் ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, காசையும் எழுதிப் பேசிக்கொள்ளுங்கள்.

விட்டலர் கோயிலுக்கு வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் பேட்டரி வண்டியில்தான் போக வேண்டும், ஞாயிறு வரிசை நீளம், அம்மாவால் நிற்க முடியாது. காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம், கற்பாறை அண்ணா கவனிக்கவில்லை: நீங்கள் இறங்குவது வெள்ளிக்கிழமை. கமலாபுரம் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை.

---

கற்பாறை எழுதியது:

வாணி சொன்னது சரி, நான் கிழமையைப் பார்க்கவே இல்லை, மன்னிக்கவும். அப்படியானால் வரிசையை மாற்றுங்கள். வெள்ளி டிக்கெட் இல்லாத இடங்கள்: விருபாக்ஷர், மதிய ஓய்வு, பிறகு கிருஷ்ணர் கோயில், நரசிம்மர், படவிலிங்கம், கடைசியில் ஹேமகூடம். சனி காலை விட்டலர், பிறகு மியூசியம், லோட்டஸ் மகால். விட்டலர் கோயிலில் வாங்கும் டிக்கெட் அதே நாளில் மற்ற இரண்டுக்கும் செல்லும், மூன்றையும் சனிக்கிழமையே முடியுங்கள், டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள். பையனுக்கு 15 வயது ஆகாததால் டிக்கெட் வேண்டாம், ஆதார் கையில் இருக்கட்டும். ஞாயிறு ஹசார ராமர், திப்பா, குளம்.

---

ஈரோட்டுப்பயணி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கமலாபுரத்தில் அறை போட்டாயிற்று. அம்மாவிடம் எழும்பூர் சிலையைப் பற்றிச் சொன்னேன், முதலில் சென்னை போய்விட்டுத்தான் ஹம்பி என்கிறார். ஜனவரிக்குத் தள்ளிப்போடலாமா என்று பார்க்கிறேன். பொங்கல் விடுமுறையில் கூட்டம் தாங்குமா?

---

வாணி_சேலம் எழுதியது:

விடுமுறை நாளில் வேண்டாம். பொங்கல் கழிந்து அடுத்த வாரம் பையனுக்கு லீவு போட்டு, திங்கள் இறங்கி புதன் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மியூசியமும் திறந்திருக்கும், பேட்டரி வண்டி வரிசையும் குறைவாக இருக்கும்.