அடிக்கிற போனஸா, தாங்குற போனஸா? பார்பேரியனுக்கு எந்த ரேஸ்

கோடாரிக்கை:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு), 2014 விதிகள். முதல் லெவல் பார்பேரியன் (முன்னே நின்று மோதும் கிளாஸ்), கிரேட்ஆக்ஸ் (12 முகப் பகடை டேமேஜ், சராசரி 6.5), ஸ்டாண்டர்ட் அரே (15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான திறன் எண்கள்). பார்ட்டியில் விசார்ட் (மந்திரவாதி), ரோக், கிளெரிக் இருக்கிறார்கள். ரேஸ் (இனம்) ஹாஃப்-ஆர்க் எடுத்தால் அடி பலமாக விழும். ஹில் டுவார்ஃப் எடுத்தால் லெவலுக்கு 1 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) கூடும், விஷமும் அவ்வளவாக ஏறாது. கணக்குப்படி எது தேறும்? மவுண்டன் டுவார்ஃப் எப்படி?

இருபதுமுகி:
ஸ்டாட்டை அடுக்கினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஹாஃப்-ஆர்க்: ஸ்ட்ரெங்த் (பலம்) 14+2=16, கான் (கான்ஸ்டிட்யூஷன், உடல் உறுதி) 15+1=16. ஹில் டுவார்ஃப்: ஸ்ட்ரெங்த் 15, கான் 14+2=16. இரண்டிலும் டெக்ஸ் (சுறுசுறுப்பு) 13, ஆகவே ஏசி (ஆர்மர் கிளாஸ், அடி பட எதிராளி எட்ட வேண்டிய எண்) ஒன்றுதான்.

எதிரி ஏசி 13 என்று வைப்போம். 20 முகப் பகடையில் விழுவதோடு ஹாஃப்-ஆர்க்குக்கு +5, 65% படும். கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பு) சேர்த்து ஓர் அடிக்குச் சராசரி 6.5. டுவார்ஃபுக்கு +4, 60%, சராசரி 5.4. ஏறக்குறைய 20% வித்தியாசம், அதுவும் வெறும் ஸ்ட்ரெங்த்தால் வருவது. ஹாஃப்-ஆர்க்கிடம் எல்லாரும் மெச்சும் சாவேஜ் அட்டாக்ஸ் (கிரிட்டிக்கலில் இன்னொரு டேமேஜ் பகடை) இதற்கு மேல் 0.325தான் தருகிறது: 6.5 டேமேஜ், 20 விழும் 5% வாய்ப்பில். இரண்டாம் லெவலில் ரெக்லெஸ் அட்டாக் (இரு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) வந்தால் 20 விழும் வாய்ப்பு 9.75% ஆகும், அப்போதும் 0.63தான்.

டுவார்ஃபின் கூடுதல் ஹெச்பி? ஐந்தாம் லெவலில் 55க்குப் பதில் 60. சுமார் 9%.

கல்தோல்:
மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் விஷத்தை அப்படியே விட்டுவிட்டீர்களே. ஜயண்ட் ஸ்பைடர் கடித்தால் கான் சேவ் (விஷத்தைத் தாங்கும் உருட்டல்) டிசி 11, அதாவது 11ஐ எட்ட வேண்டும். இந்த பார்பேரியனுக்குச் சேவ் +5, தோற்க 25% வாய்ப்பு. டுவார்ஃபுக்கு அட்வான்டேஜ் (இரு உருட்டலில் பெரியது) இருப்பதால் 6.25%. தோற்றாலும் விஷ டேமேஜில் பாதிதான். சிலந்தி, பாம்பு நிறைந்த கேம்பெய்ன் என்றால் யோசிக்காமல் டுவார்ஃப். விஷமே வராத கேம்பெய்னில் அது சும்மா ஷீட்டில் கிடக்கும். டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மவுண்டன் டுவார்ஃப் ஸ்ட்ரெங்த் +2, கான் +2 தருவதால் பார்பேரியனுக்கு அருமை. ஆனால் அதன் மீடியம் ஆர்மர் பயிற்சி உங்களுக்கு வீண், கிளாஸே அதைக் கொடுக்கிறது. அந்தப் பயிற்சி நிஜமாக உதவுவது விசார்டுக்கு: டெக்ஸ் 14 இருந்தால் ஹாஃப் பிளேட்டில் ஏசி 17. மேஜ் ஆர்மர் மந்திரத்தில் 15தான், அதற்கும் ஒரு ஸ்பெல் ஸ்லாட் போகும்.

கோடாரிக்கை:
ரெலென்ட்லெஸ் என்டூரன்ஸ் ஹாஃப்-ஆர்க்கின் தாங்கும் போனஸ்தானே? அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இருபதுமுகி:
கட்டாயம் சேர்க்கணும். ஹெச்பி 0 ஆகும் இடத்தில் 1இல் நிற்பீர்கள், லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட ஓய்வு) ஒரு முறை. சிக்கல் மல்டிஅட்டாக் உள்ள எதிரியிடம்: முதல் அடியில் 1க்கு வருவீர்கள், அதே டர்னில் இரண்டாம் அடி பட்டால் விழுந்துவிடுவீர்கள். ஆக அது எதிரியின் ஓர் அடியைத் தின்னும், அவ்வளவுதான். முதல், இரண்டாம் லெவலில் ஓர் அடி என்பதே பெரிசு. பத்தாம் லெவலில் அந்த மதிப்பு இருக்காது.

இன்னொன்று. தாங்கும் போனஸ் வேலை செய்ய எதிரி உங்களை அடிக்க வேண்டும். உங்களைச் சுற்றிக்கொண்டு விசார்டிடம் போனால் அந்த 5 ஹெச்பியால் யாருக்கும் பயனில்லை. அடிக்கும் போனஸோ உங்கள் டர்ன் வந்தால் போதும். இந்தப் பார்ட்டியில் ஹாஃப்-ஆர்க் என்பதே என் ஓட்டு.

ஏசி விஷயம் மட்டும் வேறு, அது சேரச் சேர மதிப்பு கூடும். +5 உள்ள எதிரிக்கு 13ஐ 14 ஆக்கினால் படும் அடி 8% குறையும். 20ஐ 21 ஆக்கினால் 17%. அதனால்தான் ஏசி +1 தரும் வார்ஃபோர்ஜ்ட் ரேஸ், பிளேட் கவசமும் ஷீல்டும் போட்ட ஃபைட்டரிடம் ஜொலிக்கிறது.

கல்தோல்:
2024 விதிகளுக்கு மாறினால் இந்தக் கணக்கில் பாதி போய்விடும். ஸ்டாட் உயர்வு ரேஸிலிருந்து பேக்கிரவுண்டுக்குப் (பாத்திரத்தின் முன்கதை) போய்விட்டது. ஹாஃப்-ஆர்க்குக்குப் பதில் வரும் ஆர்க்கிடம் ரெலென்ட்லெஸ் என்டூரன்ஸ் உண்டு, சாவேஜ் அட்டாக்ஸ் இல்லை. டுவார்ஃப் எல்லாருக்கும் லெவலுக்கு 1 ஹெச்பி. அங்கே நான் டுவார்ஃப் பக்கம்.