புதுப்பிப்பு: உயர் அழுத்தத் தெளிப்பு பம்ப்பில் வி.எஃப்.டி. டிரிப் ஆன சிக்கல் தீர்ந்தது

தெளிப்புத் துப்பாக்கியை மூடி நிறுத்திய பின் மீண்டும் இயக்கும்போதெல்லாம், 5 குதிரைத்திறன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவான வி.எஃப்.டி., அதிமின்னோட்டம் காட்டி நின்றுவிடுகிறது (டிரிப்) என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மோட்டார் வேகமெடுக்கும் முடுக்க நேரத்தைக் கூட்டியது பலன் தரவில்லை. டிரைவ், விசிறிகளுக்குரிய, வேகத்துக்கேற்ப மாறும் முறுக்குவிசை (சுழற்றும் விசை) அமைப்பில் உள்ளதா என்று பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையே பலித்தது. மூன்று பிளஞ்சர்கள் (முன்னும் பின்னும் நகர்ந்து நீரைத் தள்ளும் தண்டுகள்) கொண்ட என் பம்ப்புக்குத் தேவையான முறுக்குவிசை வேகத்தைவிட அழுத்தத்தையே பொறுத்தது. குழாயில் 100 பார் அழுத்தம் தேங்கியிருந்தால் முதல் சுற்றிலேயே முழு விசை வேண்டும், மாறும் முறுக்குவிசை அமைப்போ குறைந்த வேகத்தில் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. மாறா முறுக்குவிசைக்கு மாற்றி, மோட்டார் தகட்டிலுள்ள விவரங்களை இட்டு, சென்சார்லெஸ் வெக்டார் முறையில் (வேக சென்சார் இல்லாமலே முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தும் முறை) ஆட்டோ டியூனிங், அதாவது டிரைவே மோட்டாரை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலையைச் செய்தபின் தடையின்றித் தொடங்குகிறது.

எதிர்பாராதது ஒன்று: அழுத்த சென்சாருடன், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்க வேகத்தைத் தானே திருத்தும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டைச் சேர்த்ததும் அழுத்தம் ஏறி இறங்கி அலைந்தது. மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வும் டிரைவும் ஒரே 100 பாரில் ஒன்றையொன்று எதிர்த்ததே காரணம். பம்ப்பின் வரம்புக்கு உட்பட்டு வால்வை 115 பாருக்கு உயர்த்தியதும் அலைச்சல் அடங்கியது. குறைந்த ஹெர்ட்ஸில் (அதாவது குறைந்த வேகத்தில்) நெடுநேரம் ஓட்டுவோர், மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகிச் சூடேறும் என்பதால், தனி மின்விசிறி பொருத்துவது அவசியம், நானும் பொருத்தியிருக்கிறேன்.