டென் பிரீலைக் காத்தது மதிலா, மதகா?

கொத்தளம்:
1572 ஏப்ரல் 1 அன்று, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த, 'கடல் பிச்சைக்காரர்கள்' என்று பேர் வாங்கிய கிளர்ச்சிக் கப்பற்படை, நெதர்லாந்தில் மாஸ் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த டென் பிரீல் ஊரைப் பிடித்தது. சில நாளில் ஸ்பானிய மன்னரின் ஆளுநர் போசூ படையோடு வந்து தோற்றுத் திரும்பினார். இந்தப் பெருமை முழுவதையும் மதகை வெட்டி வயல்களில் நீர் விட்ட தச்சர் ரோகுஸ் மேவிஸ்ஸோனுக்கே எழுதி வைத்துவிடுகிறார்கள். தெற்கு வாசலில் பீரங்கி இல்லாமல் வெறும் தண்ணீர் என்ன செய்திருக்கும்?

மதகடி:
ஏப்ரல் 1 மாலை அந்த மதில் என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். கிளர்ச்சிக்காரர்கள் வடக்கு வாசலில் வைக்கோலும் தாரும் குவித்துக் கொளுத்தி, பாய்மரத் தண்டால் இடித்தார்கள். கதவு போயிற்று. ஸ்பானியக் காவல்படையை முன்பே உத்ரெக்ட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத மதில் செங்கல் குவியல்தான்.

மதகு வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். ஊரைச் சுற்றிய வயல்கள் கடல் ஏறும் வேளையின், அதாவது ஏற்றத்தின், நீர்மட்டத்தைவிடத் தாழ்வு. நீர் வற்றும்போது மதகைத் திறந்து வயல் நீரை ஆற்றில் விடுவார்கள், ஏற்றத்தில் மூடிவிடுவார்கள். கதவை உடைத்துவிட்டால் ஏற்றம் அதே கண் வழியாக உள்ளே பாயும். முழங்காலளவு நீர் போதும். வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாது. கால் தப்பினால் கழுத்தளவு. படகு விட ஆழம் பற்றாது, பீரங்கி வண்டியோ சேற்றில் அச்சு வரை புதையும்.

கொத்தளம்:
வெள்ளம் தடுக்கும் கரை முழுகவில்லையே! அதன் மேல் நடந்துதான் ஸ்பானியர் தெற்கு வாசலுக்கு வந்தார்கள். அங்கே காத்திருந்தது பீரங்கி. தண்ணீர் அவர்களை ஒரே பாதையில் ஒடுக்கியது, அடித்தது மதில்.

மதகடி:
ஒடுக்கியதே பாதி வெற்றி. வயல் காய்ந்திருந்தால் நாலு பக்கமும் வந்திருப்பார்கள். அத்தனை பக்கமும் காக்கப் பீரங்கி ஏது, ஆள் ஏது?

வண்டல்:
இரண்டு பேரும் கப்பலை மறந்துவிட்டீர்கள். கிளர்ச்சிக் கப்பற்படைத் தலைவர்கள் ட்ரெஸ்லோங்கும் ரோபோலும் போய் ஸ்பானியர் வந்திறங்கிய கப்பல்களுக்குத் தீ வைத்தார்கள். முன்னால் பீரங்கி, பக்கத்தில் ஏறும் தண்ணீர், பின்னால் எரியும் கப்பல். படை கலைந்தது அதனால்தான்.

இன்னொன்று. கொத்தளம், பிரீல் படம் என்று நீங்களும் மற்றவர்களும் இங்கே பகிரும் அந்த 9 கொத்தள நட்சத்திர வடிவம் 1700 வாக்கில் எழுந்த மண்கோட்டை. 1572 சண்டைக்கு அதைச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

கொத்தளம்:
படத் தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதகை வெட்டுவது இலவச ஆயுதம் இல்லை. முகத்துவாரத்து உவர்நீர் களிமண்ணில் ஏறினால் மண்ணின் பொலபொலப்பு போய், காய்ந்ததும் ஓடாக இறுகும். மழை அந்த உப்பைக் கழுவி எடுக்க வருடங்கள் ஆகும். கதவைத் திரும்பப் பொருத்தும் வரை ஒவ்வொரு ஏற்றமும் உள்ளே வந்து போகும். அந்தக் கணக்கைத் தீர்ப்பது உழவன்.

மதகடி:
கணக்கு சரி. ஊர் பிடிபட்டிருந்தால்? திரும்பும் வழியில் போசூவின் படை ரோட்டர்டாமில் புகுந்து மக்களைக் கொன்றது. அதோடு ஒப்பிட்டால் சில வருட விளைச்சல் பெரிதில்லை.

வண்டல்:
பிரீல் துறைமுகத்தை முடித்தது மட்டும் மதிலும் இல்லை, மதகும் இல்லை: மணல்தான். ஆற்று வாய் தூர்ந்து பெரிய கப்பல் வர முடியாமல் போகவே, 1830-இல் பிரீல் இருக்கும் வூர்ன் தீவின் குறுக்கே கால்வாய் வெட்டி ரோட்டர்டாம் கப்பல்களை தீவின் தெற்கே உள்ள ஹெல்லவூட்ஸ்லாய்ஸ் துறைமுகம் வழியாகத் திருப்பினார்கள். 1872-இல் ரோட்டர்டாமைக் கடலோடு நேரே இணைக்கும் 'புதிய நீர்வழி' என்ற கால்வாய் திறந்ததும் வூர்ன் கால்வாய்க்கும் மவுசு போயிற்று. 1950-இல் பிரீலுக்கு முன்னால் ஓடிய ஆற்றையே அணை போட்டு ஏரியாக்கிவிட்டார்கள். இன்று ரோகுஸ் கோடாரியோடு வந்து எந்த மதகை வெட்டினாலும், உள்ளே பாய அந்த ஏரியில் ஏற்றமே கிடையாது.