மூன்றாவது சாவி யாரிடம்? எஸ்க்ரோ பற்றி ஒரு உதவி

முன்பின் தெரியாத இருவர் பிட்காயின் கைமாற்ற எஸ்க்ரோ, அதாவது பேரம் முடியும்வரை காயினைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு: காயினை எடுக்க மூன்றில் இரண்டு கையெழுத்து போதும் என்ற மல்டிசிக் (பல கையெழுத்து) முகவரி. வாங்குபவர், விற்பவர், நடுவர், ஆளுக்கொரு சாவி. மூன்று பொதுச் சாவிகளையும் (சாவியில் பிறரிடம் காட்டக்கூடிய பகுதி) வைத்து அவரவர் வாலட் செயலியிலேயே முகவரியை உருவாக்கி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் விற்பவர் காயின் போடுவது. நடுவர் அனுப்பும் முகவரியை அப்படியே நம்பினால் போச்சு. மூன்று சாவியும் அவருடையதாகவே இருக்கலாம்.

சிக்கல் இதுதான்: நடுவர் காணாமல் போய், இருவரும் முரண்டு பிடித்தால்? 1,008 பிளாக் (பிட்காயின் பதிவேட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சேரும் தொகுதி), அதாவது சுமார் ஒரு வாரம் கழிந்ததும் விற்பவரே காயினை எடுத்துக்கொள்ளும்படி டைம்லாக் (காலப் பூட்டு) வைக்க யோசனை. ஆனால் பணம் அனுப்பிவிட்ட வாங்குபவர் பாடு திண்டாட்டம், விற்பவர் சும்மா இருந்தாலே ஜெயித்துவிடுவார். எத்தனை பிளாக் வைக்கிறீர்கள்? டைம்லாக்கை ஒழுங்காகக் கையாளும் வாலட் எது? பொதுவில் பதில் சொல்லுங்கள். 'நானே எஸ்க்ரோ' என்று தனிச்செய்தியில் வருபவர்கள் வேண்டாம்.