வான்கோழி சமைத்த பிறகு: ஃப்ரிட்ஜ், ஃப்ரீஸர் அனுபவங்கள்

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து

இந்த நவம்பரில் முதல்முறையாக முழு வான்கோழி சமைக்கப் போகிறோம், எப்படி என்று இரண்டு தங்கைகள் என்னிடம் கேட்டிருந்தார்கள். மசாலாவும் ஓவன் சூடும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் மிச்சப் பறவையை என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அடிபட்டது அந்த இடத்தில்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் தேங்க்ஸ்கிவிங் நாள், நவம்பரில் ஒரு வியாழனன்று வான்கோழி சமைத்துக் கூடிச் சாப்பிடும் அமெரிக்கப் பண்டிகை. 18 பவுண்டு பறவை, பதினான்கு பேர், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் சேர்த்து. மாலை நான்கு மணிக்கு ஓவனிலிருந்து எடுத்தோம். நெஞ்சுக் கறியில் பாதி, ஒரு கால், அவ்வளவுதான் காலியானது. மீதி அப்படியே மேடையில் இருந்தது. பேச்சு, கேரம், பிள்ளைகள் ஆட்டம். பத்தரைக்கு நான் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அத்தை, "இன்னும் வெதுவெதுன்னு இருக்கும்மா, ஆறட்டும். சூட்டோட வெச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுப் போயிடும்" என்றார்கள். நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சுதான் அது. பதினொன்றரைக்கு, எலும்போடு முழுசாக ஃபாயில் சுற்றி உள்ளே தள்ளினேன்.

மறுநாள் அதைப் பிய்த்து, மிளகும் சோம்பும் வறுத்து அரைத்து, பெரிய பாத்திரம் நிறையக் குழம்பு வைத்தேன். மதியம் பன்னிரண்டுக்கு அடுப்பை அணைத்தேன். மூடி போட்டு அடுப்பின் மேலேயே இருந்தது. இரவு எட்டரைக்கு ஆளாளுக்குத் தட்டில் சோறும் குழம்பும் போட்டு மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்துச் சாப்பிட்டோம். மணமும் ருசியும் நன்றாகவே இருந்தன. கெட்டுப்போன வாடை துளியும் இல்லை.

அதிகாலை மூன்று மணிக்கு மூத்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கட்டில் பக்கம் வந்து நின்றான். விடிவதற்குள் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, வயிற்றை முறுக்கும் வலி மட்டும். பிள்ளைகள் அன்று மாலையே தேறிவிட்டார்கள். அத்தைக்கு 71 வயது, சர்க்கரை வேறு. நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, "ருசியாத்தானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சோதனை எதுவும் செய்யவில்லை. ஆனால் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "பாத்திரம் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது?" என்பதுதான். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து, காய்ச்சல் இல்லாமல், ஒரே இரவில் இத்தனை பேருக்கு என்றதும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியாக இருக்கலாம் என்றார். பிறகு நான் தேடிப் படித்ததில் புரிந்தது இது. இந்தக் கிருமி வித்துகளாக மாறி, கொதியிலும் ஓவனிலும் சாகாமல் தங்கிவிடும். பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும்போது வித்துகள் முளைக்கும். 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சொர்க்கம், சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வாடையும் வராது, நுரையும் கட்டாது. அமெரிக்காவில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்தக் கிருமியால் கூட்டமாக நோய்வாய்ப்படுவது பல தடவை வான்கோழியோடும் மாட்டிறைச்சி ரோஸ்டோடும் தொடர்புடையது என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது.

'நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால் தப்பித்திருப்போமே?' என்று நானும் நினைத்தேன். உள்வரை 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் ஏறியிருந்தால் முளைத்த கிருமி செத்திருக்கும். அரை நிமிட மைக்ரோவேவில் ஓரம் சுடும், நடு வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் கொதியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. நம் கையிலிருந்து கறிக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி விடும் நச்சு எவ்வளவு சுண்ட வைத்தாலும் போகாது. ஊரில் குழம்பை ராத்திரி சுண்ட வைத்து, காலையில் சுண்ட வைத்து வைத்துக்கொண்ட பழக்கத்தை இங்கே 18 பவுண்டு பறவைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது என் முறை இதுதான். ஓவனிலிருந்து எடுத்ததும் போனில் இரண்டு மணி நேரத்துக்கு அலாரம். அது அடிப்பதற்குள் கறி எல்லாம் எலும்பை விட்டு வந்திருக்க வேண்டும். தொடை மூட்டில் கத்தியை வைத்து, காலைப் பின்பக்கமாக மடக்கினால் 'டொக்' என்று கழன்றுவிடும். நெஞ்சுக் கறியை மட்டும் துண்டு போடுவேன், காலும் இறக்கையும் முழுசாகவே இருக்கலாம். ஆழமில்லாத, இரண்டு அங்குல உயரக் கண்ணாடி டப்பாக்களில் பரப்பி, ஆவி கொஞ்சம் அடங்கியதும் சூட்டோடே உள்ளே. டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டு வைப்பேன், குளிர்காற்று சுற்றி வர. ஃப்ரிட்ஜ் கெடவில்லை. உள்ளே அடைத்த ஸ்டஃபிங்கைப் பறவைக்குள்ளேயே விட்டுவைப்பதில்லை, தனி டப்பா.

முக்கியமானது இன்னொன்று. எட்டு டாலருக்கு ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கினேன். 40 பாரன்ஹீட், அதாவது 4 செல்சியஸ், அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் மேல்தட்டு 46 காட்டியது. எத்தனை வருடமாக அப்படியோ! இன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள்.


மினியாபோலிஸிலிருந்து

அக்கா, படித்ததும் நெஞ்சு பதறியது. அத்தை இப்போது நலமாக இருக்கிறார்கள்தானே?

என் கதை சமைப்பதற்கு முந்தையது. உறைந்த 20 பவுண்டு பறவையைச் செவ்வாய்க்கிழமை வாங்கி, வெளியில்தான் இவ்வளவு குளிர் இருக்கிறதே என்று கராஜில் வைத்தேன். பகலில் வெயில் பட்டுக் கராஜ் சூடானது, இரவில் உறைபனிக்குக் கீழே போனது. புதன் மாலை தொட்டுப் பார்த்தால் தோல் மெத்தென்று இருக்கிறது, உள்ளே கல். எத்தனை மணி நேரம் அந்தத் தோல் சூட்டில் இருந்தது என்று எனக்கே தெரியாது. மனசு கேட்காமல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் இறைச்சி, கோழி உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். 1985 முதல் நடக்கிறதாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தூக்கிப் போடச் சொன்னார்கள். போட்டேன். அறுபது டாலர் போனது வலித்தது.

அன்று இரவே இன்னொரு 12 பவுண்டு வாங்கினேன். ஃப்ரிட்ஜில் இளக வைத்தால் நாலைந்து பவுண்டுக்கு 24 மணி நேரம் ஆகும், அதற்கு நேரமில்லை. தண்ணீர் முறைதான் வழி. கசியாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முழுக்க மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், பவுண்டுக்கு அரை மணிக் கணக்கு. ஆறு மணி நேரம், பன்னிரண்டு தடவை. நானும் மனைவியும் மாற்றி மாற்றி எழுந்தோம். கடைசித் தடவை தண்ணீரை வடித்துவிட்டு, உடனே ஓவனில் ஏற்றிவிட்டோம், காத்திருக்கக் கூடாது.

அம்மா வீடியோ காலில் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவச் சொன்னார்கள். நம் வீட்டில் கழுவாத கறி உலைக்குப் போகாது. ஆனால் இவ்வளவு பெரிய பறவையைக் குழாயடியில் கழுவினால் அந்தத் தண்ணீர் சிங்க், மேடை, பக்கத்தில் இருந்த கீரை என்று தெறிக்கும், பச்சைக் கறியில் இருக்கும் சால்மொனெல்லா கிருமியும் கூடவே போகும். பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துவிட்டு மஞ்சளும் உப்பும் தேய்த்தேன். அம்மாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.


ஸ்கார்பரோவிலிருந்து

எங்களுக்கு இஞ்ச கனடாவில தேங்க்ஸ்கிவிங் ஒக்டோபர் ரெண்டாம் திங்களே வந்திடும். எங்கட வீட்டில மிச்சத்தை நம்பித்தான் பெரிய வான்கோழியே வாங்கிறது, அடுத்த நாள் கொத்துரொட்டிக்கு. இஞ்ச முழுப் பறவைக்கு 82 செல்சியஸ் வரோணும் எண்டு அரசாங்கச் சுகாதாரத் திணைக்களம், ஹெல்த் கனடா, சொல்லுது, அதால நான் தெர்மாமீட்டர் இல்லாமல் சமைக்கிறதே இல்லை.

முதல் வருசம் மிச்சத்தை அப்பிடியே ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில போட்டு ஃப்ரீஸருக்குள்ள வச்சிட்டன். மார்கழியில எடுத்தால் கறி எல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் காய்ஞ்சு, மட்டை மாதிரி. டப்பாவில பாதிக்குக் காத்து நிண்டதால, கறியில இருந்த ஈரம் பனியாய் வெளிய வந்து மூடியில ஒட்டியிருந்தது. அது நஞ்சில்லை, சாப்பிடலாம், ஆனால் வாயில வைக்கேலாது. இப்ப ரெண்டு பேருக்குக் காணக்கூடிய அளவாய் சிப்லாக் பையில போட்டு, அவிச்ச எலும்புத் தண்ணியில கொஞ்சம் விட்டு, காத்தை நல்லா அமத்தி வெளியேத்தி, புத்தகம் மாதிரித் தட்டையாய் வைக்கிறன். கெதியாய் உறையும், கெதியாய் இளகும். பையில திகதி எழுதுங்கோ. மைனஸ் 18இல இருந்தால் பழுதாகாது, ஆனால் ருசிக்கு நாலு மாசத்துக்குள்ள முடிக்கிறது நல்லது.


ஆஸ்டின், டெக்சாஸிலிருந்து

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீஸரில் தள்ளுபடியில் வாங்கிய பச்சை வான்கோழி ஒன்று, ஃப்ரிட்ஜில் முதல்நாள் சமைத்த வான்கோழிக் கீமா. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. கீமாவை முதல் ராத்திரியே கொட்டிவிட்டோம். பறவையை வெளியே பனியில் புதைக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பகல் வெயிலுக்கும் தெரு விலங்குகளுக்கும் பயந்து அப்படிச் செய்யவில்லை. பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்து ஐஸாக்கி, அந்த ஐஸை ஃப்ரீஸருக்குள் அடுக்கினோம். கரண்ட் வந்ததும் பையைப் பிரித்து விரலை விட்டுப் பார்த்தேன். வயிற்றுக்குள் ஐஸ் துகள் நெறுநெறுவென்று இருந்தது. அப்படி இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம்.


கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து

அக்கா, நாங்க வீட்ல வான்கோழி வளர்க்கிறோம். ஒண்ணு அறுத்தா நாலு வீட்டுக்குக் கூறு போட்டுருவோம், அதனால மிச்சங்கிற பேச்சே வராது. இப்ப வீட்ல ஆள் குறைஞ்சு போச்சு, ஒரு கூறை ஃப்ரீஸர்ல வெக்கிறோம். வெளிய எடுத்து எளகுனதுக்கப்புறம் விருந்தாளி வரலைன்னா திருப்பி வெக்கலாங்களா? சித்திரை வெயில்ல எவ்ளோ நேரம் தாங்குங்க?


எடிசனிலிருந்து மறுபடியும்

மினியாபோலிஸ் தம்பி, அத்தை நலம். வீடியோ காலில் பார்க்கும்போதெல்லாம் நான்தான் குற்றவாளி மாதிரி உணர்கிறேன், அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

கோபி தம்பி, எங்கே வைத்து இளகியது என்பதைப் பொறுத்தது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகியிருந்தால் பச்சைக் கறியை ஒன்றிரண்டு நாள் அங்கேயே வைக்கலாம், சமைக்காமலே திருப்பி ஃப்ரீஸருக்கும் அனுப்பலாம், ருசி மட்டும் கொஞ்சம் குறையும். தண்ணீரில் இளக வைத்தது என்றால் சமைத்துவிட்டுத்தான் உறைய வைக்க வேண்டும். மேடையில் வைத்து இளக வைக்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் இரண்டு மணிக் கணக்கும் கிடையாது. 32 செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான், பச்சைக் கறியோ குழம்போ. அறுத்த கையோடு உங்கள் கூறை உள்ளே வைத்துவிடுங்கள். அடிக்கடி கரண்ட் போகிற ஊர் என்றால் ஃப்ரீஸரில் காலியான இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புங்கள், குளிர் நிற்கும்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சமைத்த மிச்சம் ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள்தான். வியாழன் சமைத்தால் திங்கள் கடைசி. சாப்பிட்டுத் தீராது என்று தோன்றினால் வெள்ளியே ஃப்ரீஸருக்கு அனுப்பிவிடுங்கள். எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள், குழம்பு என்றால் தளதளவென்று கொதிக்கட்டும்.

இந்த வருடம் 15 பவுண்டு வாங்கியிருக்கிறேன். கணக்குப்படி மூன்று நாலு நாள் வேண்டும், அதனால் ஞாயிறு இரவு ஃப்ரீஸரிலிருந்து இறக்கி, ஓரம் உயர்ந்த தட்டில் வைத்து, காய்கறிகள் மேலே இருக்க, கீழ்த்தட்டில் வைக்கப் போகிறேன்.