உதவி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் மட்டும் ஓடவில்லை (அவசரம்)

கெடிலக்கரை:
கடலூரில் இருந்து எழுதுகிறேன். ஆறு சர்வர்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. டிஸ்க், மெமரி, டேட்டாபேஸ் மூன்றையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, அளவு மீறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்று இரண்டு வருடமாக கிரானில், அதாவது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதியில், ஓடுகிறது. நேற்று மாலை முதல் ஒரு செய்தியும் இல்லை. நாலாவது சர்வரில் இருந்து தினம் ஒன்றாவது வரும், அதுவும் வரவில்லை. கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. மழை எச்சரிக்கை வேறு இருக்கிறது, இன்றைக்குள் சரியாக வேண்டும்.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
கையால் ஓடும், கிரானில் ஓடாது என்றால் சந்தேகமே வேண்டாம், 'பாத்' (கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) தான் காரணம். நீங்கள் லாகின் செய்தால் கிடைக்கும் சூழல் கிரானுக்குக் கிடைக்காது. கட்டளைகள் எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள், ஓடிவிடும்.

ஊசுட்டேரி:
கிரான் வரியில் தேதிக்காக % குறி போட்டிருக்கிறீர்களா? முன்னால் பின்சாய்கோடு இல்லாவிட்டால் கிரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொள்ளும். கட்டளை அங்கேயே அறுந்துவிடும். இதற்காக நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

தென்பெண்ணை:
தம்பி, எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ (வகை)? லாக் எங்கே? கிரான் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது? வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்து பழுது என்றால் மெக்கானிக் எதைப் பார்ப்பார்? பத்து வருடமாக இங்கே இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிரான் வரியின் கடைசியில் >> போட்டு ஒரு லாக் கோப்பின் பெயரும், பிழைச் செய்திகளும் அதிலேயே விழ 2>&1-உம் சேருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். வந்ததை அப்படியே ஒட்டுங்கள்.

கெடிலக்கரை:
டெபியன் 12. லாகில் ஒரே வரிதான், அளவுகள் எழுதிய கான்ஃபிக் கோப்பைத் திறக்கும்போது 'பெர்மிஷன் டினைடு' (அனுமதி இல்லை). பாத்தை மாற்றிப் பார்த்துவிட்டேன், அதே பிழை. % எதுவும் இல்லை.

ஊசுட்டேரி:
அப்படியானால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்குதான் தடுக்கிறது.

தென்பெண்ணை:
டெபியனில் அது தானாக இயங்காது. நாமே நிறுவி இயக்கினால்தான் உண்டு. குழப்பாதீர்கள்.

சுண்ணாம்பாறு:
கெடிலக்கரை, இரண்டு கேள்வி. கையால் ஓட்டும்போது சூடோ (ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போடுகிறீர்களா? அந்த கான்ஃபிக் கோப்பு நேற்று மாறியதா?

கெடிலக்கரை:
ஆமாம், சூடோ போட்டுத்தான் ஓட்டுவேன். கிரானுக்குத் தனிப் பயனர், கோப்பும் அந்தப் பயனர் பெயரில்தான் இருக்கிறது. நேற்று டிஸ்க் அளவை 90-இல் இருந்து 85 ஆக்க, முதல்முறையாக ஆன்சிபிளில் (பல சர்வர்களை ஒரே இடத்தில் இருந்து அமைக்கும் கருவி) ஒரு பிளேபுக் (செய்ய வேண்டியதை எழுதும் கோப்பு) எழுதி ஆறு சர்வருக்கும் அனுப்பினேன். பிழை எதுவும் வரவில்லை, எல்லாம் மஞ்சளில் 'சேஞ்சுடு' என்றுதான் வந்தது. அதனால் இங்கே சொல்லவில்லை.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
ஆறு சர்வருக்கு ஆன்சிபிள் எதற்கு? தொலைவில் இருந்தே சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் இருக்கிறது, ஒவ்வொரு சர்வரிலும் அதே கட்டளையை ஓட்ட பாஷில் ஒரு ஃபார் லூப் போதும். ஐந்து வரியில் முடிகிற வேலைக்கு யாமல் (பிளேபுக் எழுதும் வடிவம்) கோப்பு, இன்வென்டரி, ரோல் என்று எத்தனை! உடைந்தால் எங்கே உடைந்தது என்றே தெரியாது. இப்போது நடந்திருப்பதும் அதுதான்.

முதுநகர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது, நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு சர்வர்கள் போயின. புதுக் கணினி வாங்கியும் பயனில்லை. எந்த போர்ட், எந்தப் பயனர், எந்த அனுமதி என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அவர் போனில் கிடைக்கவில்லை. ஃபார் லூப் ஓட்டியதை யாரும் எழுதி வைப்பதில்லை. பிளேபுக் என்றால் அதுவே எழுத்து. சர்வர் ஒன்றோ ஆறோ, எழுதி வைக்க வேண்டும்.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
பாஷ் ஸ்கிரிப்டும் எழுத்துதானே? கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டால் போயிற்று.

தென்பெண்ணை:
ஒரே ஸ்கிரிப்டை இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள், ஒரே வரி கோப்பில் இரண்டு தடவை சேர்ந்திருக்கும். எத்தனை தடவை ஓட்டினாலும் சர்வர் ஒரே நிலைக்கு வர வேண்டும் என்பதுதான், 1993-இல் மார்க் பர்ஜஸ் எழுதிய சிஎஃப்என்ஜின் என்ற சர்வர் அமைப்புக் கருவியின் வழி. 2005-இல் பப்பெட், 2012-இல் ஆன்சிபிள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வரலாறு தெரிந்து பேசுங்கள்.

சுண்ணாம்பாறு:
கேட்டவருக்கு முதலில் வழி சொல்வோம். கெடிலக்கரை, அந்தக் கோப்புக்கு எல்எஸ் -எல் (அனுமதிகளைக் காட்டும் கட்டளை) கொடுத்து வருவதையும், பிளேபுக்கில் 'மோட்' (அனுமதி எண்) என்று தொடங்கும் வரியையும் போடுங்கள்.

கெடிலக்கரை:
விசித்திரமாக இருக்கிறது. கோடுகளுக்கு நடுவில் ஒரு டபிள்யூ, தள்ளி ஒரு ஆர், கடைசியில் பெரிய டி. பிளேபுக்கில் மோட்: 644. அது சரிதானே?

சுண்ணாம்பாறு:
அதுதான் பிழை. மேற்கோள் குறியும் முன்னால் 0-வும் இல்லாததால் யாமல் 644-ஐச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டது. அனுமதிகளைக் குறிக்கும் ஆக்டலில் (எட்டை அடியாகக் கொண்ட எண் முறை) அதை எழுதினால் 1204. அதாவது உரிமையாளருக்கு எழுத மட்டும் அனுமதி, குழுவுக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்களுக்குப் படிக்க அனுமதி. அந்த டி, முன்னால் நிற்கும் 1-ஆல் வந்த ஸ்டிக்கி பிட் என்ற கூடுதல் குறி. கோப்புக்கு உரிமையாளரான உங்கள் கிரான் பயனரால்தான் அதைப் படிக்க முடியவில்லை. ரூட்டை இந்த அனுமதி எதுவும் தடுக்காது, அதனால் சூடோவில் ஓடியது. '0644' என்று மேற்கோளுக்குள் எழுதி மறுபடி அனுப்புங்கள். இனி பிளேபுக்கை ஆன்சிபிள்-லின்ட்டில் (பிளேபுக்கில் பிழை தேடும் கருவி) ஓட்டிவிட்டு அனுப்புங்கள், இந்தப் பிழையைப் பிடிக்க அதில் தனி விதியே இருக்கிறது.

அப்புறம், சோதனையையும் அந்தப் பயனராகவே ஓட்டிப் பாருங்கள். சூடோ -யூ போட்டுப் பயனர் பெயர் கொடுத்தால் போதும்.

முதுநகர்:
ஸ்கிரிப்டையும் ஒரு கை பாருங்கள். கான்ஃபிக்கைப் படிக்க முடியாவிட்டால் வாய் மூடிப் படுத்துவிடக் கூடாது, உடனே கத்த வேண்டும். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் செருகுநிரல்கள் முடியும்போது தரும் எண்களில் 0 நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. உங்களுக்கு வேண்டியது அந்த 3. 'தெரியவில்லை' என்று ஒரு செய்தி வந்திருந்தால் நேற்று மாலையே பார்த்திருப்பீர்கள்.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
இதை ஏற்கிறேன். ஃபார் லூப்பில் அனுமதி மாற்றும் கட்டளையான சிஎச்மாட் 644 என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தென்பெண்ணை:
எந்த சர்வரில் எப்போது எழுதினீர்கள் என்று ஆறு மாதம் கழித்துச் சொல்வீர்களா?

கெடிலக்கரை:
மேற்கோள் போட்டு அனுப்பினேன். வேலை செய்கிறது. முதல் செய்தியே நாலாவது சர்வரில் இருந்து, டிஸ்க் 96 சதவீதம். அதைக் காலி செய்ய ஓடுகிறேன். சுண்ணாம்பாறு, மிக்க நன்றி.