1812 இங்கிலாந்து நாவல்: கல்யாணப் பத்திரமும் ஸ்காட்லாந்து ஓட்டமும்

கேள்வி:
1812-ல் இங்கிலாந்தில் நடக்கும் சரித்திர நாவல் ஒன்றைப் பாதி படித்திருக்கிறேன். பெரியவர்கள் பார்த்து முடிக்கிற கல்யாணம். இரண்டு வீட்டு வக்கீல்களும் பக்கம் பக்கமாகப் பேரம் பேசுகிறார்கள். ‘ஜாயின்ச்சர்’, ‘பின் மணி’ என்றெல்லாம் வருகிறது. அப்புறம் 19 வயதுப் பெண் வேறொருவனோடு ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறாள். ஏன் அவ்வளவு தூரம்? லண்டனிலேயே ஒரு சர்ச்சில் முடித்திருக்கக் கூடாதா?

பதில் 1:
வக்கீல் பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள், கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அன்று கல்யாணம் ஆன நிமிடமே பெண்ணின் ரொக்கம், நகை எல்லாம் கணவனுடையது. நிலம் அவள் பெயரில் இருந்தாலும் வருமானம் அவனுக்கு. 1870, 1882 சட்டங்கள் வந்துதான் இது மாறியது. அதனால் கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி டிரஸ்டிகளிடம் ஒப்படைப்பார்கள். பெண் வீட்டார் தருவது ‘போர்ஷன்’. பதிலுக்கு மாப்பிள்ளை வீடு இரண்டுக்குக் கட்டுப்படும்: அவள் கைச்செலவுக்கு ஆண்டுதோறும் பின் மணி, கணவன் இறந்தால் அவள் ஆயுள் முழுக்க ஜாயின்ச்சர். வழக்கமான கணக்கு பத்தில் ஒரு பங்கு. 10,000 பவுண்டு கொண்டுவந்தால் விதவையான பின் ஆண்டுக்கு 1,000. உங்கள் நாவலில் வரும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரொம்பக் குறைவென்றால், பெண்ணின் அப்பா எதற்கோ அவசரப்படுகிறார்.

பதில் 2:
ஓட்டத்துக்குக் காரணம் 1753-ன் ஹார்ட்விக் சட்டம். சர்ச் கல்யாணத்துக்கு இரண்டே வழி. ஒன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை இருவர் பாரிஷிலும் (அவரவர் வட்டாரச் சர்ச்சில்) பெயரை அறிவிப்பது. அப்பா எழுந்து மறுத்தால் அதோடு நின்றது. மற்றது லைசென்ஸ், 21 வயது ஆகாதவளுக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும், பொய் சொல்லி வாங்கினால் கல்யாணமே செல்லாது. லண்டனின் பெரிய பாரிஷ்களில் கூட்டத்தோடு கூட்டமாகப் பெயரை வாசிக்கவைத்து முடித்துக்கொண்டவர்களும் உண்டு, ஆகவே உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் மூன்று ஞாயிறு ஒளிந்திருக்க வேண்டுமே! ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் கிடையாது. சாட்சிகள் முன் இருவரும் வாய்விட்டுச் சொன்னாலே கல்யாணம். எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீன் கிராமம் அப்படித்தான் பெயர் வாங்கியது.

பதில் 3:
கல்யாணக் காட்சி வந்தால் நேரத்தைக் கவனியுங்கள். அன்று இங்கிலாந்து சர்ச்சில் காலை 8 முதல் 12-க்குள்தான் நடத்தலாம். அங்கே மாலையில் நடந்தால், இங்கிலாந்து சர்ச்சின் தலைமை குருவான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் ஸ்பெஷல் லைசென்ஸ் வாங்கியதாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரியர் சறுக்கிவிட்டார்.

பதில் 1:
ஒன்று விட்டுவிட்டேன். ஓடிப்போகிறவளுக்குப் பத்திரம் கிடையாது. பாட்டி எழுதிவைத்த பணம் மாதிரி ஏதாவது அவள் பெயரில் இருக்கிறதா, அது டிரஸ்டிகள் கையில் இருக்கிறதா என்று முன் அத்தியாயங்களில் தேடுங்கள். நேராக அவள் கையில் இருந்தால், அந்தக் காதலன் மேல் ஒரு கண் வைத்தே மீதியைப் படியுங்கள்.